ஒரு சார்பை வரைய எந்த மென்பொருள்? எங்கள் வாசகசாலையின் நாலு கம்ப்யூட்டர்களுக்காக யோசித்தது

எங்கள் வாசகசாலைக்கு நாலு பழைய கம்ப்யூட்டர்கள் கிடைத்திருக்கின்றன. மூன்றில் 4 ஜிபி ராம், ஒன்றில் 2 ஜிபிதான். நெட் உண்டு, ஆனால் நம்பி உட்கார முடியாது. பாலக்காட்டுக் கணவாய்க்குள், கேரள-தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிற ஊர் இது, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஆடி பிறந்துவிட்டால் காற்று பனைமரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருக்கும், கரண்ட் போகும், கரண்ட் திரும்பி வந்தாலும் நெட் வர மறுநாள் ஆகிவிடும். மாலை ஆறு மணிக்கு மேல் நான் இங்கே பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன், காசு வாங்குவதில்லை. வேலந்தாவளத்திலிருந்தும் வருகிறார்கள், கோபாலபுரத்திலிருந்தும் வருகிறார்கள். கேரளப் பள்ளியில் தமிழ் மீடியம் படிக்கிறவர்கள் என்னை ‘மாஷே’ என்பார்கள், பொள்ளாச்சிப் பக்கம் பள்ளிக்குப் போகிறவர்கள் ‘சார்’ என்பார்கள். ஒரே பெஞ்சில் இரண்டும் கேட்கும்.

கேள்வி சின்னதுதான். ஒரு சார்பை, அதாவது எக்ஸ் கொடுத்தால் ஒய் தருகிற ஒரு கணக்கு விதியைக் கொடுத்து, இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை என்று ஓர் இடைவெளியைக் கொடுத்து, அதன் வளைகோட்டை வரைந்து பார்க்க இந்தக் கம்ப்யூட்டர்களில் எதைப் போடுவது? சுட்டியால் இழுத்து வரைகிற ஜியோஜீப்ராவா, பைத்தான் என்ற நிரல்மொழியா, கட்டளை எழுதிப் படம் போடுகிற நூபிளாட்டா, ஆக்டேவா, இல்லை இருக்கவே இருக்கிறது எக்செல் என்று விட்டுவிடுவதா? ஒரு மாதமாக ஒவ்வொன்றாகப் போட்டு, பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்துவிட்டேன். உங்கள் ஊரிலும் யாராவது இப்படி யோசித்துக்கொண்டிருந்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிள்ளைகளுக்கு வேறு வேறு பழக்கம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கேரளத்தில் 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017இல் கைட் என்ற பெயரில் நிறுவனமான திட்டத்தால் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ்தான், அதில் ஜியோஜீப்ரா கூடவே வந்துவிடுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட அதில் முக்கோணம் வரைந்து பழகியிருக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் கணக்குப் பாடநூலில் ஜியோஜீப்ராவுக்கான பக்கங்கள் உண்டு, ஆனால் கையில் பழக்கம் குறைவு. அதற்குப் பதிலாக அங்கே பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது, கடைசிப் பாடங்களில் ஒன்றாக, பைத்தானில் படம் வரைகிற பைபிளாட்டும் இருக்கிறது. ஆக, ஒரு பக்கத்துப் பிள்ளைக்கு வரைபடம் என்றால் சுட்டியால் இழுப்பது, மறுபக்கத்துப் பிள்ளைக்கு நாலு வரி தட்டச்சு செய்வது. இரண்டில் எது சரி என்று அவர்களுக்குள்ளேயே வாதம் நடக்கும்.

எது என்று பார்ப்பதற்கு முன்னால் கிராஃப் ஷீட்டுக்குப் போகலாம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் இருபடிச் சார்புக்கு வரைபடம் போட்டவர்களுக்குத் தெரியும்: −4 முதல் 4 வரை எக்ஸ் மதிப்புகளை வரிசையாக எழுதி, கீழே ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வரிசை போட்டு, கடைசியில் ஒய்யைக் கூட்டி எழுதி, புள்ளி வைத்து, கையால் வளைத்து இணைப்போம். கம்ப்யூட்டர் செய்வதும் இதேதான். அதற்குச் சார்பு முழுதாகத் தெரியாது. சில எக்ஸ் மதிப்புகளை எடுத்து, ஒய் கணக்கிட்டு, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கிறது. புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் நம் கண்ணுக்கு வளைவாகத் தெரிகிறது, அவ்வளவுதான். நாம் பத்தாம் வகுப்பில் 9 புள்ளி வைத்தோம், அது 50 வைக்கும், அல்லது 100, அல்லது ஆயிரம்.

அதனால் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே ஒரு விஷயம்: அந்தப் புள்ளிகளை யார் தேர்ந்தெடுப்பது, நாமா, மென்பொருளா? விலை, வேகம், அழகு எல்லாம் அப்புறம். நாம் எண்ணிக்கை சொல்லாவிட்டால் பைத்தானுக்கான கணக்குத் தொகுப்பு நம்பையில் லின்ஸ்பேஸ் என்ற கட்டளை 50 புள்ளி எடுக்கும், மேட்லேப் என்ற கணக்கு மென்பொருளில் அதே பெயருள்ள கட்டளை 100 எடுக்கும், நூபிளாட்டும் 100, புள்ளியியலுக்கான ஆர் மொழியின் கர்வ் கட்டளை 101. இவையெல்லாம் இடைவெளியைச் சமமாகப் பிரித்துக்கொண்டு போகிறவை. ஜியோஜீப்ரா, மேட்லேப்பின் எஃப்பிளாட், மேத்தமேட்டிகா, சேஜ் போன்றவை வேறு வகை. கோடு எங்கே அதிகமாக வளைகிறதோ அங்கே தாமாகவே கூடுதல் புள்ளி எடுத்துக்கொள்ளும்.

இது ஏதோ நுணுக்கமான விவகாரம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வாசகசாலையில் நடந்ததைச் சொல்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் படிக்கிற பையன் ஒருவன் சைன் வளைகோட்டை வரைய உட்கார்ந்தான். முக்கோணவியல் என்றால் நம் பிள்ளைகளுக்குப் பாகைதானே மனதில் வரும், 0 முதல் 360 வரை என்று லின்ஸ்பேஸுக்குக் கொடுத்தான், எத்தனை புள்ளி என்று சொல்லவில்லை, அப்படியே சைன் எடுத்து வரைந்துவிட்டான். திரையில் அலை வந்தது. கொஞ்சம் முனை முனையாக இருந்தது, ஆனால் அலைதான். “ஒரு அலைதானே சார் வரணும், எட்டு வந்திருக்கு” என்றான்.

பைத்தானின் சைன் ரேடியனில்தான் கணக்கிடும், அதாவது பாகையில் இல்லை, 360 பாகையைச் சுமார் 6.28 என்று எண்ணுகிற கோண அளவில். 30 கொடுத்தால் அரை வராது, −0.988 வரும். ஆக அவன் கேட்டது 0 முதல் 360 ரேடியன் வரை. அதில் இருக்க வேண்டியது 57 அலைக்கும் மேல். அப்படியானால் எட்டு எங்கிருந்து வந்தது? பலகையில் கணக்குப் போட்டோம். 50 புள்ளி என்றால் நடுவே 49 இடைவெளிகள், 360ஐ 49ஆல் வகுத்தால் ஒவ்வொரு தாவலும் சுமார் 7.35 ரேடியன். ஒரு முழு அலை 6.28. அதாவது ஒவ்வொரு தாவலிலும் ஒரு முழு அலையைத் தாண்டி, அடுத்த அலையில் 1.06 ரேடியன் தள்ளி ஒரு புள்ளியை வைத்திருக்கிறது. தாண்டிப்போன அலைகள் படத்தில் இல்லை. மிச்சமாகச் சேர்ந்த அந்த 1.06கள் 49 முறை கூடி, 6.28ஆல் வகுத்தால் 8.3. அதுதான் அந்த எட்டு அலை! ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை, எச்சரிக்கையும் இல்லை. படம் பார்க்கப் படமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த எட்டு அலைகளில் ஒன்றுகூட உண்மையான அலை இல்லை. அன்றைக்கு அந்த பெஞ்சில் ஏழு பேர் இருந்தார்கள், ஏழு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், நான் எழுதச் சொல்லவே இல்லை.

அதே 0 முதல் 360ஐ ஜியோஜீப்ராவில் போட்டால் அலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், ஏதோ தப்பு என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். பாகை வேண்டுமானால் எக்ஸுக்குப் பின்னால் பாகைக் குறியைப் போட்டால் போதும். இந்த ஒரு விஷயத்திலேயே தெரிகிறது, சும்மா ஒரு சார்பு எப்படி இருக்கும் என்று பார்க்க ஜியோஜீப்ராதான் பாதுகாப்பானது. 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கியது, பள்ளிக்காகவே செய்தது, அது ஒவ்வொரு மூலையிலும் தெரியும். இடைவெளி கொடுக்க ஃபங்ஷன் என்று எழுதி, அடைப்புக்குள் சார்பு, தொடக்கம், முடிவு என்று மூன்றையும் காற்புள்ளி போட்டுக் கொடுத்தால் அந்தத் துண்டு மட்டும் வரும். ஸ்லைடர் வைத்து ஏ, பி என்று கெழுக்களை நகர்த்தினால் வளைகோடு கண்ணெதிரே நீளும், சுருங்கும். ஒரு பெருக்கல் எண் அலையை உயர்த்தும், இன்னொன்று நெருக்கும் என்பதை நான் அரை மணி நேரம் பேசிப் புரியவைப்பதை ஸ்லைடர் அரை நிமிடத்தில் செய்துவிடும். நெட் இல்லாமல் வேலை செய்கிறது. வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு இலவசம். கட்டணம் வாங்கி டியூஷன் நடத்துகிறவர்கள் அதன் உரிமத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. இ-இன் அடுக்கு எக்ஸ் என்ற சார்பை 0 முதல் 10 வரை கேட்டால், முடிவில் மதிப்பு 22026 ஆகிவிடும், ஜியோஜீப்ராவின் திரையோ தொடக்கத்தில் சில அலகுகள்தான் காட்டும். அச்சைப் பிடித்துச் சுருக்கிச் சுருக்கித்தான் முழுதும் பார்க்க வேண்டும். பைத்தான் இதைக் கேட்காமலே செய்து, ஒய் அச்சைப் படத்துக்கு ஏற்றபடி நீட்டிவிடும். ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது: பைத்தானில் ஒய் = எக்ஸ் என்ற கோடு பெரும்பாலும் 45 பாகையில் இருக்காது, வட்டம் வரைந்தால் முட்டையாக வரும், இரண்டு அச்சுக்கும் ஒரே அளவு வை என்று நாம்தான் சொல்ல வேண்டும். சாய்வு பற்றிப் பாடம் நடத்தும்போது இது முக்கியம். ஜியோஜீப்ராவில் தொடக்கத்திலேயே ஒன்றுக்கு ஒன்று.

டெஸ்மோஸ் என்ற இணைய வரைபடக் கருவியும் அருமையானது, சுருள் அடைப்புக்குள் இடைவெளியை எழுதினால் போதும், போனில் இவ்வளவு சுகமாக வேறெதுவும் ஓடுவதில்லை. வீட்டில் பிள்ளைகள் அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள், நானும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். வாசகசாலைக் கம்ப்யூட்டரில் அதற்கு பிரவுசரும் நெட்டும் வேண்டும் என்பதால் இங்கே முதல் இடம் கொடுக்க முடியவில்லை.

இப்போது பைத்தான். அதில் படம் வரைகிற தொகுப்பு மேட்பிளாட்லிப், பைபிளாட் அதன் ஒரு பகுதி. மேட்பிளாட்லிப்பை 2003 வாக்கில் ஜான் ஹன்டர் உருவாக்கியது வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைத் திரையில் பார்ப்பதற்காக. அதாவது ஏற்கெனவே புள்ளிகளாக இருக்கிற தரவைக் கோடாக்குவதுதான் அதன் பிறவித் தொழில். சார்பு என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது, நாம் புள்ளிகளைத் தயாரித்துக் கையில் கொடுத்தால் இணைத்துத் தரும். இது தெரிந்துவிட்டால் அதில் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் முக்கால்வாசி புரிந்துவிடும்.

எங்கெங்கே மாட்டினார்கள் என்று சொல்கிறேன். அடுக்குக் குறி முதலில். எக்ஸ் வர்க்கம் என்பதற்குக் கூரைக் குறி போட்டால் பைத்தானில் அது அடுக்கு இல்லை, இரும எண்களில் செய்கிற வேறொரு செயல். தசம எண்களாக இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும், அது நல்லது. முழு எண்களாக இருந்தால் நிற்காது, 0, 1, 2, 3, 4க்கு 2, 3, 0, 1, 6 என்று விடை கொடுத்துப் படமும் போட்டுவிடும். இரண்டு நட்சத்திரக் குறிதான் போட வேண்டும். அடுத்தது, இடைவெளியின் முடிவு. ஏரேஞ்ச் என்ற கட்டளையில் 0 முதல் 3 வரை 0.1 தாவலில் என்று கேட்டால் 2.9 உடன் நின்றுவிடும், லின்ஸ்பேஸ் 3ஐயும் சேர்த்துக்கொள்ளும். பிளஸ் ஒன்னில் மூடிய இடைவெளி, திறந்த இடைவெளி என்று சதுர அடைப்பும் வளை அடைப்பும் போட்டு நடத்துகிறோமே, அது இங்கே கையில் தட்டுப்படுகிறது. எனக்கு இது மிகவும் பிடித்த இடம், ஏனென்றால் பாடத்தில் வெறும் குறியாக இருந்தது இங்கே வளைகோட்டின் நுனி வந்து சேருமா சேராதா என்று தெரிகிறது.

அப்புறம் 1/எக்ஸ். −1 முதல் 1 வரை, 50 புள்ளி. 50 இரட்டைப்படை என்பதால் பூச்சியம் அதில் இல்லை. நடுவில் இருக்கிற இரண்டு புள்ளிகள் −1/49, 1/49. அவற்றின் தலைகீழ் −49, 49. மென்பொருள் இந்த இரண்டையும் நேர்கோட்டால் இணைத்துவிடுகிறது, ஒய் அச்சை ஒட்டி ஒரு செங்குத்துக் கோடு நிற்கிறது. நன்றாகப் படிக்கிற ஒரு பெண், “மாஷே, இதுதானே தொலைத்தொடுகோடு, கம்ப்யூட்டரே வரைஞ்சிடுச்சு” என்றாள். பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் அது தொலைத்தொடுகோடு (வளைகோடு நெருங்கிக்கொண்டே போகிற கோடு) இல்லை, இல்லாத ஒரு பாலம். அதே இடைவெளியில் 101 புள்ளி கொடுத்துப் பார்த்தோம். இப்போது பூச்சியம் நடுவில் வந்து விழுகிறது, பூச்சியத்தால் வகுக்கிறாய் என்று எச்சரிக்கை வருகிறது, அந்த இடத்தில் கோடு அறுந்து, படம் சரியாகிவிடுகிறது. ஒற்றைப்படை எண் கொடுத்ததால் தற்செயலாகச் சரியானது, அவ்வளவே. முறையாகச் செய்ய வேண்டுமானால் இரண்டு துண்டாகப் பிரித்து வரைய வேண்டும், அல்லது எல்லை மீறிய மதிப்புகளை ‘எண் அல்ல’ என்று மாற்றிவிட வேண்டும், அப்போது மேட்பிளாட்லிப் அங்கே கோட்டை விட்டுவிடும். ஜியோஜீப்ரா இந்தத் தொந்தரவு எதுவும் தராமல் இரண்டு கிளையாகக் காட்டும்.

அப்படியானால் பைத்தான் எதற்கு என்று கேட்பீர்கள். இந்தத் தொந்தரவுக்காகத்தான் எனக்கு அது வேண்டும். ஒரு புள்ளியில் சார்புக்கு மதிப்பே இல்லை என்றால் என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குப் புரிந்த அளவுக்குப் பாடநூலின் வரையறை புரியவைக்கவில்லை.

எங்கள் ஊருக்கு ஏற்ற ஒரு சார்பு உண்டு, அதை எல்லா மென்பொருளிலும் போட்டுப் பார்த்தோம்: காற்றாலை. கஞ்சிக்கோட்டிலும் காற்றாலை இருக்கிறது, உடுமலைப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டியவரை இருக்கிறது, பிள்ளைகள் பஸ்ஸில் பார்த்துக்கொண்டே போகிறவர்கள். மாதிரிக்காக நாங்கள் இப்படி வைத்துக்கொண்டோம்: காற்று விநாடிக்கு 3 மீட்டருக்குக் கீழே இருந்தால் மின்சாரம் இல்லை, 3 முதல் 12 வரை வேகத்தின் கனத்திலிருந்து (மூன்றாம் அடுக்கிலிருந்து) 27ஐக் கழித்து 1701ஆல் வகுத்தது, 12 முதல் 25 வரை நிலையாக 1 (முழு உற்பத்தி), 25ஐத் தாண்டினால் இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்திவிடும், மறுபடி 0. இதில் 6 போட்டுப் பாருங்கள், 189/1701, சரியாக ஒன்பதில் ஒன்று. வேகம் 6இலிருந்து 12ஆக இரண்டு மடங்கானால் மின்சாரம் ஒன்பது மடங்கு. காற்றாலைக்காரர்கள் ஆடி மாதத்துக்காக ஏன் காத்திருக்கிறார்கள் என்று அந்த ஒரு எண்ணிலேயே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது.

0 முதல் 30 வரை இதை வரைய வேண்டும். பைத்தானில் வழக்கமான ‘இஃப்’ போட்டால் முழு வரிசையையும் ஒரே நேரத்தில் ஆம், இல்லை என்று சொல்ல முடியாது என்று பிழை வரும், ‘வேர்’ என்ற நம்பைக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். நூபிளாட்டில் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் வைத்து ஒரே வரியில் எழுதிவிடலாம். ஜியோஜீப்ராவில் இஃப் என்றே எழுதலாம். எழுதுவது சரி, 25இல் என்ன ஆகிறது? பைத்தானில் 50 புள்ளியில், 24.49இல் ஒரு புள்ளி 1இல் நிற்கிறது, அடுத்தது 25.10இல் 0இல் நிற்கிறது, நடுவே ஒரு சரிவு. இயந்திரம் மெதுவாக நிற்பது போல! 1001 புள்ளி கொடுத்தால் சரிவு செங்குத்தாகத் தெரியும், அப்போதும் அங்கே இல்லாத கோடு இருக்கத்தான் செய்யும். கடைசியில் 25 வரை ஒரு துண்டு, 25க்கு அப்பால் ஒரு துண்டு என்று பிரித்து, 25இல் மதிப்பு 1தான், 0 இல்லை என்று காட்ட மேலே அடைத்த வட்டமும் கீழே திறந்த வட்டமும் வைத்தோம்.

எக்செல், லிப்ரே ஆபீஸ் பற்றிச் சுருக்கமாக. கடையிலும் ஆபீஸிலும் அதுதான் தெரியும் என்பதால் பலரும் அதையே போதும் என்கிறார்கள். ஒரு நெடுவரிசையில் எக்ஸ், அடுத்ததில் சூத்திரம், இழுத்துவிட்டால் அட்டவணை தயார், கிராஃப் ஷீட்டுக்கு மிக நெருக்கமாக இருப்பதும் அதுதான். ஆனால் இரண்டு பொறி இருக்கிறது. படம் போடும்போது லைன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எக்ஸ் மதிப்புகளை எண்ணாகவே எடுக்காது, வெறும் பெயர்களாக வரிசைப்படுத்தும், ஸ்கேட்டர் என்பதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது இன்னும் மோசம்: கழித்தல் குறி போட்டு ஒரு கட்டத்தின் வர்க்கத்தை எழுதினால், கழித்தலை முதலில் சேர்த்துக்கொண்டு வர்க்கம் எடுக்கும். −2இன் மேல் 2 என்றால் அது 4 என்கிறது, கணக்குப் பாடத்தில் −4. ஆக, கீழே கவிழ வேண்டிய பரவளையம் மேலே நிமிர்ந்து நிற்கும். கணக்கு கற்கும் பிள்ளை கையில் முதல் கருவியாக இதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மேட்லேப் நல்ல மென்பொருள், ஆனால் காசு. அதன் மொழியைப் பெரும்பாலும் பேசுகிற ஆக்டேவ் இலவசம். பொறியியல் கல்லூரிக்குப் போகிறவர்கள் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் 4 ஜிபி கம்ப்யூட்டரில் ஆக்டேவ் திறந்து முடிவதற்குள் பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆர் மொழியில் கர்வ் என்ற கட்டளை ஒரே வரியில் வேலையை முடிக்கும், புள்ளியியல் படிப்பவர்களுக்கு அதுவே போதும்.

நூபிளாட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. 1986இல் இருந்து இருக்கிறது. 2 ஜிபி கம்ப்யூட்டரில் கண் சிமிட்டுவதற்குள் திறந்துவிடுகிறது. பிளாட் என்று எழுதி, சதுர அடைப்புக்குள் இடைவெளி, பக்கத்தில் சார்பு, அவ்வளவுதான் நிரல். 100 புள்ளி போதாது என்றால் சாம்பிள்ஸ் 1000 என்று ஒரு வரி. மறக்கக் கூடாத ஒன்று: முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதியை விட்டுவிடும். எக்ஸின் கனமூலத்தை 1/3 அடுக்கு என்று எழுதினால் அந்த 1/3 பூச்சியமாகி, படம் 1இல் ஒரு கிடைக்கோடாக வரும். 1.0 என்று எழுத வேண்டும்.

அதில் என்னைக் கட்டிப்போட்டது வேறு விஷயம். எங்களுக்கு அச்சுகளில் தமிழிலும் மலையாளத்திலும் பெயர் எழுத வேண்டும், இரண்டு பக்கப் பிள்ளைகளும் படிக்க வேண்டுமே. மேட்பிளாட்லிப்பில் அப்படியே எழுதினால் வெறும் கட்டங்கள் வந்தன, அதன் வழக்கமான எழுத்துருவில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துருவை மாற்றிக் கொடுத்தோம், ‘வேகம்’ என்பதில் வகரத்துக்கு முன்னால் வர வேண்டிய இரட்டைக்கொம்பை அதற்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது. எங்களிடம் இருக்கிற பதிப்பு எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்குகிறது, இடம் மாற்றிக் கோக்கத் தெரியவில்லை. ஒரு வழி கண்டோம்: படத்தை எஸ்விஜி வடிவில், எழுத்தை எழுத்தாகவே வைக்கும்படி சேமித்து பிரவுசரில் திறந்தால் சரியாகிறது. நூபிளாட்டில் கெய்ரோ வகை வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சுற்றே வேண்டாம், கொம்பும் காலும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன, மலையாளமும் அப்படியே. தன் மொழி எழுத்து உடைந்து கிடக்கிற படத்தை ஒரு பிள்ளை தன் வேலை என்று சொல்லிச் சுவரில் ஒட்டுமா? எனக்கு இது அலங்கார விஷயமாகத் தெரியவில்லை.

சரி, முடிவு. மூன்று கம்ப்யூட்டர்களில் ஜியோஜீப்ராவும் பைத்தானும், பைத்தானுக்குத் தோனி என்ற எளிய எழுதுபலகை. 2 ஜிபி கம்ப்யூட்டரில் நூபிளாட் மட்டும். எந்தச் சார்பானாலும் முதலில் ஜியோஜீப்ராவில் பார்க்க வேண்டும், பிறகு பைத்தானில் புள்ளிகளைத் தானே எடுத்து வரைய வேண்டும், இரண்டு படமும் ஒத்துப்போகாவிட்டால் எழுந்து வந்து என்னிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறோம். உங்களிடம் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான், ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான் என்றால் ஜியோஜீப்ரா போதும், யோசிக்கவே வேண்டாம். பிளஸ் டூ தாண்டி அறிவியலோ பொறியியலோ படிக்கப் போகிறவர் என்றால் பைத்தானைத் தள்ளிப்போடாதீர்கள், கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் போனிலேயே பைட்ராய்டு போட்டுத் தொடங்கலாம். ஒரே மாதிரிப் பத்து இருபது படங்களை அச்சுக்குத் தயாரிக்க வேண்டியவர்களுக்கும், தமிழில் அச்சுப்பெயர் வேண்டியவர்களுக்கும் நூபிளாட்.

காற்றாலைப் படம் இப்போது வாசகசாலைச் சுவரில், பத்திரிகை மேசைக்கு மேலே இருக்கிறது. கீழே ‘காற்றின் வேகம்’ என்று தமிழிலும், அதற்கடியில் மலையாளத்திலும். 25இல் கோடு அறுந்து, மேலே ஒரு கறுப்புப் புள்ளியும் கீழே ஒரு வெறும் வட்டமும் இருக்கின்றன. பேப்பர் படிக்க வருகிற பெரியவர் ஒருவர் நேற்று அந்த வெறும் வட்டத்தில் விரலை வைத்து, இது அச்சுப் பிழையா என்று கேட்டார். சைனில் எட்டு அலை வரைந்த பையன்தான் எழுந்து போய் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.